டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

முதலில் டிக்கெட்தான் காட்டிக்கொடுத்தது.
கோமங்கலம்புதூருக்கு ஒன்று கேட்ட ஆளுக்கு
இரண்டாகக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.
இருபத்தொரு வருசத்தில்
தாள் எண்ணி இந்த விரல் தப்பியதில்லை.
சாயங்காலம் கணக்கு உதைத்தது.
கைக்காசு போட்டுக் கட்டினேன்.

அப்புறம் பாதம்.
படியில் நிற்கிறேன் என்று கண் சொன்னது,
கால் சொல்லவில்லை.

எப்படி இருக்குது என்றார் டாக்டர்.
மதமதன்னு இருக்குதுங்க.
மரத்துப் போகுதா?
மரத்துட்டா சும்மா கெடக்குமுங்களே.
எறும்பு ஊர்ற மாதிரியா?
எறும்பு எங்கயாவது போய்ச் சேருமுங்க.
இது போகவே மாட்டேங்குது.

வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும்
தகரத்துக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்குமே,
அது மாதிரி என்றேன்.
அவர் ஒற்றைச் சொல்லை
ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

சர்க்கரை இல்லை.
தைராய்டு இல்லை.
பி பன்னிரண்டு கம்மியாக இருக்கட்டும் என்று
மாசாணியம்மனிடம் வேண்டிக்கொண்டு போனேன்,
ஊசி போட்டால் தீர்ந்துவிடுமாமே.
அதுவும் வேண்டிய மட்டும் இருந்தது.
நோய்க்கு நேர்ந்துகொண்டு
ஏமாந்து திரும்பிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தோல் டாக்டர் கண்ணை மூடச் சொல்லி
பஞ்சால் அங்கங்கே தொட்டார்.
தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன்.
தொடாத இடமும் இரண்டு சொன்னேன்.

டிரைவர் சென்னியப்பன் கியர்பாக்ஸ் சூடு என்றான்.
மகுடீஸ்வரி போனைப் பிடுங்கி வைத்தாள்,
போர் தண்ணியை மாற்றினாள், பாமாயிலை நிறுத்தினாள்.
மச்சான் மட்டும்
“எல்லாம் நீ அன்னைக்குக் குடிச்ச குடி” என்றார்,
பந்தியில், பாயசம் வரும் நேரத்தில்.

அதைத்தான் டாக்டரிடம் மறைத்திருந்தேன்.
அடுத்த தடவை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.
விட்டு எத்தனை வருசமாச்சு?
பதினொண்ணுங்க.
இது ஆரம்பிச்சது போன தையில தானே,
அப்ப அது இல்லைங்க என்றார்.
தலைகுனிந்து எடுத்துப்போன தப்பு,
அதுவும் செல்லாமல் திரும்பி வந்தது.

கோயமுத்தூர், அவிநாசி ரோடு, மூணாவது மாடி.
கம்பி ஒட்டி மின்சாரம் வைத்தாள் ஒரு பெண்.
கட்டைவிரல் என்னைக் கேட்காமல் துள்ளியது.
ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு காலாக
முக்கால் மணி நேரம்.
“நரம்பு அருமையா இருக்குதுங்ண்ணா.”
பாஸானவனுக்குச் சொல்வதைப்போலச் சொன்னாள்.
நாலாயிரத்து ஐந்நூறு.
லிஃப்டில் இறங்கும்போது
அருமையான நரம்பு பத்து விரலிலும் பிறுபிறுத்தது.

அன்றிலிருந்து டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.
5.50 பொள்ளாச்சி, இடது சுண்டுவிரல்.
7.05 உடுமலை, ரெண்டு பாதம், லேசாக.
அந்தியூர் தாண்டி ஒன்றுமில்லை.
(ஒன்றுமில்லை என்று எழுதும்போதே வந்துவிட்டது.)
மாற்று வண்டி, அதே.
லீவு, அதே.
ஆறு வாரம் சேர்ந்ததும் பரப்பி வைத்துப் பார்த்தேன்.
புதன்கிழமை கூடுதலாகத் தெரிந்தது.
கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளைக் கூப்பிட்டேன்.
அவள் பொறுமையாகப் படித்துவிட்டு,
“புதன்கிழமை நீங்க எழுத மறக்கறதில்லைங்க,
அவ்வளவுதான்” என்றாள்.

காரணம் தெரியவில்லை என்பதற்கும்
டாக்டரிடம் ஒரு பெயர் இருக்கிறது.
சீட்டில் நீளமாக எழுதியிருக்கிறார்.
ஆறு மாசம் கழித்து வரச் சொன்னார்.
அது பாட்டுக்கு வந்து
அது பாட்டுக்குப் போறதும் உண்டுங்க என்றார்.
எந்த ஸ்டாப்பில் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு முக்கோணத்தில் ஏறிய காலேஜ் பையன்
சில்லறை கொடுத்தான்.
விரலால் தடவினேன்,
ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா பிடிபடவில்லை.
நெஞ்சு திக்கென்றது.
வாய்விட்டுக் கேட்டேன்,
தம்பி, இது ஒண்ணா, ரெண்டா?

வாங்கித் தடவிப் பார்த்தான்,
திருப்பினான், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
“எனக்கும் தெரியலைங்ண்ணா” என்றான்.

அன்று ஊஞ்சவேலாம்பட்டி வரைக்கும்
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பின்பக்கத்தில் அந்த டிரிப்புக்கு நேராக
எதுவும் எழுதவில்லை.
இருந்ததா இல்லையா என்று
கவனிக்க மறந்துவிட்டேன்.